வல்லார்பாடம்: கரை கடந்த கால்கள்

ஊரை விட்டுப் போகிறவர்கள் வேண்டிக்கொண்டு போகும் தீவு ஒன்று. எதிர்க்கரையில், ஊரை விட்டுப் போய்ப் பெயர் வாங்கிய ஒரு பந்தாட்டக்காரரின் மைதானம். இரண்டுக்கும் நடுவே கொச்சியின் காயல்.

எர்ணாகுளம் உயர் நீதிமன்றச் சந்திப்பில் வைப்பின் பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் வல்லார்பாடம் வந்துவிடுகிறது. 2004 வரை இது படகுக்குக் காத்திருப்பவர்களின் தீவாக இருந்தது. கடைசிப் படகைத் தவறவிட்டவர் அக்கரையிலேயே இரவைக் கழிக்க வேண்டியதுதான். அந்த ஆண்டில் கோஸ்ரீ பாலங்கள் மூன்றும் திறக்கப்பட்டன. முதல் பாலம் போல்காட்டியில் இறங்குகிறது, இரண்டாவது வல்லார்பாடத்தில், மூன்றாவது வைப்பினில். காயலில் தனித்தனியே கிடந்த தீவுகள் ஒரே சாலையில் கோத்த மணிகளாயின.

தீவுக்கு வெளியூர்க்காரர்களை இழுத்து வருவது மாதா கோயில். 1524-ல் போர்த்துகீசிய வணிகர்கள் கொண்டுவந்த மாதா படம் ஒன்றை வைத்துக் கட்டிய கோயில் இது என்பது வரலாறு. சிறைப்பட்டவர்களை மீட்கும் அன்னை என்பது அந்த மாதாவின் பெயர். 1676-ல் வெள்ளத்தில் கோயில் இடிந்தது. தண்ணீரில் மிதந்த படத்தை மீட்டெடுத்தவர் கொச்சி அரசரின் திவானான பாலியத்து ராமன் வலியச்சன் என்ற இந்து. புதிய கோயிலுக்கு நிலம் கொடுத்து, அணையா விளக்குக்கு எண்ணெயும் கொடுத்தது அவருடைய குடும்பம். 1752-ல் புயலில் படகு கவிழ்ந்து மூழ்கிய மீனாட்சியம்மா என்ற நாயர் பெண்ணும் அவருடைய கைக்குழந்தையும் மூன்றாம் நாள் மீனவர்களின் வலையில் உயிரோடு கிடைத்தார்கள் என்பது தீவின் நம்பிக்கை. அவர் தன் எஞ்சிய வாழ்நாளை மாதாவுக்கு அடிமையாக ஒப்புக்கொடுத்துக் கோயில் முற்றத்தைப் பெருக்கி வந்தாராம். இன்றும் நேர்ச்சைக்கு வருகிறவர்கள் துடைப்பத்தைக் கையில் எடுத்து முற்றத்தைப் பெருக்குகிறார்கள். சாதி, மதம் கேட்பார் இல்லை. செப்டம்பர் 24-ல் திருவிழா. 2004-ல் வத்திக்கான் இதை பசிலிக்காவாக உயர்த்தியது.

கடலில் போகிறவர்களுக்கு வேண்டிய மாதா இவர். கப்பலேறுகிறவர், வளைகுடாவுக்கு விசா கிடைத்தவர், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் தாய் என்று எல்லோரும் இங்கே வருகிறார்கள். வேண்டுதல் பெரும்பாலும் ஒன்றுதான்: போகிறவர் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும்.

கோயில் கோபுரத்தைவிட உயரமாக இப்போது வேறொன்று நிற்கிறது. சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் ராட்சத கிரேன்கள். 2011 பிப்ரவரி 11-ல் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்த வல்லார்பாடம் பெட்டக முனையம் அது. பெரிய கப்பலில் வரும் பெட்டியை இறக்கி, சிறிய கப்பலில் ஏற்றி வேறு துறைமுகத்துக்கு அனுப்புவது அதன் நோக்கம். பெட்டி இங்கே தங்குவதில்லை, கை மாறிப் போகிறது. முனையத்துக்கென்று காயலின் மேல் 4.62 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாலம் எழுந்தது. சாலைக்கும் ரயிலுக்கும் நிலம் வேண்டி மூலம்பிள்ளி முதலான இடங்களிலிருந்து 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளியில் வீடுகளை இடித்த காட்சியைக் கேரளம் இன்னும் மறக்கவில்லை. மீட்கும் அன்னையின் தீவைச் சுற்றியிருந்தவர்களும் கடைசியில் புறப்படத்தான் வேண்டியிருந்தது.

கொச்சிக்கு இது பழகிப்போன தொழில். மிளகு போனது, கயிறு போனது, ஆட்கள் போனார்கள். போனவர்களில் மாலுமிகளும் நர்சுகளும் குமாஸ்தாக்களும் உண்டு. அதிகம் பேசப்படாத இன்னொரு கூட்டமும் உண்டு: கால்பந்தாட்டக்காரர்கள். சென்ற நூற்றாண்டின் நடுவில், காலில் திறமை இருந்தும் அந்தத் திறமைக்குச் சொந்த ஊரில் சம்பளம் இல்லாததால் ரயிலேறியவர்கள். அவர்களில் ஒருவர் ரோம் ஒலிம்பிக்ஸ் வரை போனார். ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்றார். வேறொரு மாநிலத்தின் கேப்டனாக நின்று இந்தியாவின் பெரிய கோப்பையை உயர்த்தினார். பெயர் ஓ. சந்திரசேகரன். கேரளத்தில் ஒலிம்பிக்ஸுக்குப் போய் வந்தவருக்கு அதுவே பட்டமாகப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். அவரும் கடைசிவரை 'ஒலிம்பியன் சந்திரசேகரன்'தான்.

பந்து வந்த வழி

வல்லார்பாடத்திலிருந்து மூன்றாவது பாலத்தைத் தாண்டினால் வைப்பின். அங்கிருந்து வண்டிகளையும் மனிதர்களையும் ஒன்றாக ஏற்றிக்கொள்ளும் ஜங்காரில் சில நிமிடங்களில் ஃபோர்ட் கொச்சி. சீன வலைகளைப் பார்க்க எல்லோரும் கடற்கரைக்கு ஓட, சற்று உள்ளே, மழைமரங்கள் சூழ்ந்த பரேடு மைதானம் அமைதியாகக் கிடக்கிறது. ஐரோப்பியச் சிப்பாய்கள் அணிவகுத்த இடம் அது. மாலையில் இப்போது பந்துதான் அணிவகுக்கிறது. ஒரே மைதானத்தில் ஐந்தாறு ஆட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நடக்கும். யார் எந்த அணி என்பது ஆடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

கேரளத்துக்குப் பந்து வந்தது வெள்ளைக்காரச் சிப்பாய்கள், பாதிரிமார்கள், கல்லூரி ஆசிரியர்கள் ஆகியோரின் கையோடு. கொச்சி சமஸ்தானத்தில் அது வேர்விட்டதற்கு ஓர் அடையாளம் உண்டு. சமஸ்தானத்துப் போலீஸ் கண்காணிப்பாளர் ஆர்.பி. ஃபெர்குசன் பெயரில் 1899-ல் திருச்சூரில் ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கப்பட்டது. மலபாரில் ராணுவ முகாம்கள் பந்தைப் பரப்பின. திருவிதாங்கூரில் கல்லூரிகள் பரப்பின. அறுவடை முடிந்த வயலும் கோயில் திடலும் தேவாலய முற்றமும் மைதானங்களாயின. ஆனால் ஆட்டம் பரவிய வேகத்தில் ஆட்டக்காரனுக்கு வருமானம் பரவவில்லை.

பரேடு மைதானத்திலிருந்து மட்டாஞ்சேரி சிறிது தூரம்தான். மிளகு, சுக்கு மணம் வீசும் கிடங்குத் தெருக்களைத் தாண்டினால், 1568-ல் கட்டிய பரதேசி யூதர் கோயில். சுற்றுலாப் பயணிகள் தரையின் சீன ஓடுகளைப் பார்க்க வருகிறார்கள். தொழ வருவதற்குத்தான் ஆள் இல்லை. ஐம்பதுகளில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்ற குடியிருப்பு அவர்களால் உயிர்பெற்றது. மழையும் காயலும் பார்த்து வளர்ந்தவர்கள் மணலில் பயிர் வைத்தார்கள்.

அவர்கள் போன சில ஆண்டுகளில் இஸ்ரேல் கொச்சிக்கு வந்தது, பந்தாட. 1959 டிசம்பரில் ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்று எர்ணாகுளத்தில் நடந்தது. இந்தியா, பாகிஸ்தான், ஈரான், இஸ்ரேல் என்று நான்கு நாடுகள். இன்று இந்த நான்கையும் ஒரே மைதானத்தில் கற்பனை செய்யவே முடியாது. அன்று அவை எர்ணாகுளத்தில் ஒன்றுக்கொன்று இரண்டு முறை மோதின. முதலிடம் பெற்று அடுத்த சுற்றுக்குப் போனது இஸ்ரேல். தன் மக்களில் ஒரு பகுதியை அந்நாட்டுக்கு அனுப்பிவைத்த ஊர், அந்நாட்டின் வெற்றியையும் தன் மண்ணிலேயே பார்த்தது.

உலக அளவிலான ஆட்டங்களை நடத்தும் ரசனையும் கூட்டமும் அப்போதே கொச்சியில் இருந்தன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இல்லாமல் இருந்தது வேறு.

மகாராஜாவின் மைதானம்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து மீண்டும் காயலைக் கடந்தால் எர்ணாகுளம். 1875-ல் தொடங்கிய மகாராஜா கல்லூரியின் பெயர் தாங்கிய மைதானம் நகரத்தின் நடுவில் இருக்கிறது. ஓடுதளம் செயற்கை இழைக்கு மாறிவிட்டது, சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்துவிட்டன. ஆனாலும் கொச்சியின் பழைய ரசிகர்களுக்குக் கால்பந்து என்றால் இந்த மண்தான்.

சந்திரசேகரன் இந்தக் கல்லூரியின் மாணவர். 1935-ல் பிறந்தார். சொந்த ஊர் பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த இரிஞ்ஞாலக்குடா. கூடல்மாணிக்கம் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அங்கே பள்ளி, பிறகு திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரி, பிறகு எர்ணாகுளம் மகாராஜா. ஒவ்வொரு படியிலும் அவரை அடையாளம் காட்டியது பந்து. ஆடியது தடுப்பு வரிசையில். கோல் போடுகிறவரை ஊர் தோளில் தூக்கும், கோலைத் தடுக்கிறவரை அணி மட்டும் நினைவில் வைத்திருக்கும். அப்படிப்பட்ட இடம் அது.

1955-56 சந்தோஷ் கோப்பைப் போட்டிகள் எர்ணாகுளத்தில் நடந்தன. 1941-ல் தொடங்கிய இந்த மாநிலங்களின் போட்டிதான் அன்றைய இந்தியாவில் ஆட்டக்காரர்களுக்கு உரைகல். இறுதி ஆட்டத்தில் வங்காளம் ஒரு கோல் வித்தியாசத்தில் மைசூரை வென்றது. போட்டியை நடத்திய ஊர் பார்வையாளர் வரிசையிலேயே நின்றது. திருவிதாங்கூர்-கொச்சி அணி அந்தக் காலத்தில் பெரிய அணிகளின் பட்டியலில் இல்லை.

காரணம் திறமைக் குறைவு அல்ல. திறமையை வைத்துக்கொள்ள வழி இல்லை. அன்றைய இந்தியக் கால்பந்தில் தொழில்முறை என்ற பேச்சே கிடையாது. ஆட்டக்காரர் விளையாட்டுக்குச் சம்பளம் வாங்கக் கூடாது, ஆனால் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கலாம். எனவே நிறுவனங்கள் அணி வைத்தன. காலையில் அலுவலகத்தில் கையெழுத்து, பிற்பகலில் மைதானம், மாதக் கடைசியில் சம்பளம், கால் ஓய்ந்த பிறகும் அதே நாற்காலி. நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கு இதைவிடப் பெரிய பரிசு இல்லை. இப்படிப்பட்ட நிறுவனங்கள் பம்பாயில் இருந்தன. கல்கத்தாவில் கழகங்கள் இருந்தன, அவற்றின் பின்னால் புரவலர்களும் லட்சக்கணக்கான ரசிகர்களும் இருந்தார்கள். ஐதராபாத்தில் போலீஸ் அணி இருந்தது. கொச்சியில் மைதானமும் கூட்டமும் மட்டுமே இருந்தன.

எனவே கால்கள் புறப்பட்டன. சந்திரசேகரனுக்கு முன்பே வழி போட்டவர்கள் உண்டு. திருவல்லா பாப்பன் என்று அறியப்பட்ட டி.எம். வர்கீஸ் பம்பாயில் டாடா அணிக்கு ஆடி, 1948-ல் லண்டன் ஒலிம்பிக்ஸில் இடம்பெற்றார். இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 2-1 என்ற கணக்கில் மட்டுமே தோற்ற அந்த அணி அது. கோட்டயம் சாலி கல்கத்தாவுக்குப் போய் ஈஸ்ட் பெங்காலின் புகழ்பெற்ற ஐவர் முன்வரிசையில் ஒருவரானார். 'பஞ்ச பாண்டவர்' என்று கல்கத்தா கொண்டாடிய அந்த ஐவரில் வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான் ஆகிய மற்ற நால்வரும் வங்காளிகள் அல்லர். கோழிக்கோட்டு டி.ஏ. ரகுமானும் கல்கத்தாவில் ஆடியவர்தான். இந்தியா நான்காமிடம் பெற்ற 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் அணியில் அவர் இருந்தார். மலையாளிகள் மட்டும் அல்ல, தென்னிந்தியா முழுவதுமே அன்று வடக்கிலும் கிழக்கிலும் இருந்த நகரங்களுக்குக் கால்களை அனுப்பிக்கொண்டிருந்தது.

சந்திரசேகரன் தேர்ந்தெடுத்தது பம்பாய். 1956-ல் கால்டெக்ஸ் எண்ணெய் நிறுவனத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியும் மலபாரும் இணைந்து கேரளம் பிறந்தது. மாநிலம் பிறந்த ஆண்டிலேயே அதன் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் வேறு மாநிலத்தவராகிவிட்டார்.

ரோம், ஜகார்த்தா, சென்னை

பம்பாயில் கால்பந்து என்றால் கூப்பரேஜ் மைதானம், கோப்பை என்றால் ரோவர்ஸ். 1958-ல் கால்டெக்ஸ் அந்தக் கோப்பையை வென்றது. பெரிய கழகங்களின் நடுவே ஓர் எண்ணெய் நிறுவனத்தின் குமாஸ்தாக்கள் சாதித்த வெற்றி. தேசிய அணியின் கதவு சந்திரசேகரனுக்குத் திறந்தது.

1960 ரோம் ஒலிம்பிக்ஸ் அணியின் பெயர்ப்பட்டியல் தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு விதத்திலும் சுவையானது. ஐதராபாத்தில் பிறந்த கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ், செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கல்கத்தாவில் புகழ்பெற்ற துளசிதாஸ் பலராம், முன்வரிசையில் சைமன் சுந்தர்ராஜ். கேரளத்தின் பக்கமிருந்து சந்திரசேகரனோடு எம். தேவதாஸ், பாலக்காட்டில் வேர்கொண்டு பம்பாய் மாட்டுங்காவில் வளர்ந்த கோல்காப்பாளர் எஸ்.எஸ். நாராயணன். பயிற்சியாளர் ஐதராபாத்தின் முன்னாள் பள்ளி ஆசிரியர் எஸ்.ஏ. ரஹீம். கேப்டன் பி.கே. பானர்ஜி. பிறந்த ஊரிலேயே ஆடிப் பெயர் வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிற அணி.

ரோம் ஒலிம்பிக்ஸ் என்றாலும் இந்தியா ஆடியது இத்தாலியின் சிறிய நகரங்களில். ஆகஸ்டு 26-ல் லாக்விலாவில் ஹங்கேரியுடன் மோதி 2-1 என்று தோற்றது. அந்த ஹங்கேரிதான் பிறகு வெண்கலம் வென்றது. மூன்று நாள் கழித்து கிராசெட்டோவில் பிரான்சுக்கு எதிராக பானர்ஜி முதல் கோலைப் போட்டார். எட்டு நிமிடம் தாங்கியிருந்தால் வெற்றி என்ற நிலையில் பிரான்ஸ் சமன் செய்தது. செப்டம்பர் 1-ல் பெஸ்காராவில் பெருவிடம் 3-1 என்று தோல்வி. மூன்று ஆட்டங்களில் ஒன்றுகூட வெற்றி இல்லை. ஆனால் அந்த மூன்றுக்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ரோமுக்குப் போனவர்களே கடைசி 'ஒலிம்பியன்'கள். பட்டத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெருமை இரண்டு ஆண்டு கழித்து வந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததை இந்திய ஒலிம்பிக் நிர்வாகி ஜி.டி. சோந்தி எதிர்த்தார். அதனால் இந்தோனேசியர்கள் இந்தியா மீது கோபத்தில் இருந்தார்கள். இந்திய அணி எங்கு போனாலும் கூச்சல். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்ற இந்தியா, அதன் பின் தாய்லாந்தையும் ஜப்பானையும் அரையிறுதியில் தென் வியட்நாமையும் வென்று இறுதிக்கு வந்தது. எதிரே மீண்டும் தென் கொரியா. செப்டம்பர் 4-ல் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நிறைந்த அரங்கம் முழுவதும் எதிர்ப்பக்கம் நின்றது. தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங்கை ரஹீம் தடுப்பு வரிசையிலிருந்து முன்னால் தள்ளினார். பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. அவர் விட்டுப்போன இடத்தையும் சேர்த்துக் காக்க வேண்டிய தடுப்பு வரிசையில் சந்திரசேகரன். ஒரே ஒரு கோல்தான் உள்ளே போனது. 2-1. தங்கம். புற்றுநோயோடு அணியை நடத்திய ரஹீம் அடுத்த ஆண்டு ஜூனில் இறந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா மறுபடி தங்கம் வெல்லவில்லை.

அதற்கடுத்த பருவத்தில் சந்தோஷ் கோப்பை சென்னையில் நடந்தது. 1963-64 இறுதி ஆட்டத்தில் மகாராஷ்டிரமும் ஆந்திரமும் மோதின. ஒரே கோலில் மகாராஷ்டிரம் வென்றது. 1960-ல் உருவான அந்த மாநிலத்தின் பெயரில் வந்த முதல் சந்தோஷ் கோப்பை அது. வாங்கியவர் கேப்டன் சந்திரசேகரன். மலையாளம் பேசும் ஒருவர், மராட்டியர்களின் மாநிலத்துக்காக, தமிழ்நாட்டின் தலைநகரில் உயர்த்திய கோப்பை. அன்று கேரளத்துக்கு வயது ஏழு. அதன் அலமாரியில் அந்தக் கோப்பைக்கான இடம் காலியாக இருந்தது.

இஸ்ரேலில் நடந்த 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்ற இந்திய அணியிலும் அவர் உண்டு. கொச்சி யூதர்கள் போய்ச் சேர்ந்த நாட்டுக்குக் கொச்சியில் படித்த ஆட்டக்காரரும் போய் வந்தார் என்பது வரலாற்றின் சின்னக் குறும்பு. 1966 வரை கால்டெக்ஸ். அதன் பின் பாரத ஸ்டேட் வங்கிக்காக 1973 வரை ஆடினார். நிறுவன ஆட்டக்காரரின் வாழ்க்கை அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது: ஆட்டம் முடிந்தாலும் வேலை முடியவில்லை.

எதிர்த்திசையில் வந்தவர்

அவர் ஆட்டத்தை நிறுத்திய அதே 1973-ல்தான் கொச்சியின் கணக்கு மாறியது. சந்தோஷ் கோப்பை மீண்டும் எர்ணாகுளத்துக்கு வந்தது. மகாராஜா கல்லூரி மைதானத்தைச் சுற்றி மரத்தில் எழுப்பிய தற்காலிக காலரிகள் தாங்க மாட்டாமல் கூட்டம் சேர்ந்தது. டிசம்பர் 27-ல் இறுதி ஆட்டம். கேரளம் 3, ரயில்வே 2. மூன்று கோலையும் போட்டவர் கேப்டன் டி.கே.எஸ். மணி. மாநிலம் தூங்காத இரவு என்று அந்த இரவைக் கேரளத்தின் முதியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். மணி அதன் பின் வாழ்நாள் முழுவதும், 2017-ல் மறையும் வரை, 'கேப்டன் மணி'தான்.

அந்த அணியின் பயிற்சியாளர் யார் என்பதில்தான் கதையின் அழகு. ரோமில் சந்திரசேகரனோடு ஒரே சட்டை போட்ட தமிழர், சைமன் சுந்தர்ராஜ். கேரளத்தின் கால்கள் வெளியே போய்க்கொண்டிருந்தபோது எதிர்த்திசையில் வந்தவர் அவர். கேரளத்துப் பையன் சென்னையில் மகாராஷ்டிரத்துக்குக் கோப்பை வாங்கினார். பத்து ஆண்டு கழித்து, தமிழர் ஒருவர் கொச்சியில் கேரளத்துக்கு முதல் கோப்பையை வாங்கிக்கொடுத்தார்.

சுந்தர்ராஜ் ஒருவரால் மட்டும் அது நடந்துவிடவில்லை. 1956-ல் இல்லாத ஒன்று 1973-ல் கொச்சியைச் சுற்றி இருந்தது. ஏலூரில் ஃபாக்ட் உரத் தொழிற்சாலை ஆட்டக்காரர்களுக்கு வேலை தந்தது. கேப்டன் மணி அதன் ஊழியர். களமசேரியில் பிரீமியர் டயர்ஸ் அணி இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. திருவனந்தபுரத்தில் டைட்டானியம். பம்பாயில் கால்டெக்ஸ் செய்ததை இப்போது கேரளத்தின் ஆலைகள் செய்தன. கண்ணூர்ப் பையனுக்கு ரயிலேற அவசியம் வந்தாலும் எர்ணாகுளத்திலேயே இறங்கிவிடலாம். அப்படி இறங்கியவர்கள் சேர்ந்துதான் அந்த அணி.

பின்னாளில் கேரளப் போலீஸ் இதே வேலையைச் செய்தது. 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற அந்த அணியில் வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், ஐ.எம். விஜயன் என்று ஒரு தலைமுறையே இருந்தது. 1992-93-ல் கொச்சியில் மறுபடி சந்தோஷ் கோப்பை இறுதி. கேரளம் 2-0 என்று வென்றது. தோற்ற அணி மகாராஷ்டிரம். முப்பது ஆண்டுக் கணக்கைத் தீர்த்ததாக யாரும் அன்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பியவரும் திரும்பாததும்

சந்திரசேகரன் பம்பாயிலேயே தங்கிவிடவில்லை. கொச்சிக்குத் திரும்பினார். 1997-ல் எஃப்.சி. கொச்சின் தொடங்கியது. ஊரை விட்டுப் போகாமலேயே கேரளத்து இளைஞர்கள் கால்பந்தையே தொழிலாகக் கொள்ள வழி செய்த கழகம். அந்தக் கழகத்தின் பொது மேலாளராகவும் அவர் பணியாற்றினார். தொடங்கிய ஆண்டிலேயே இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 3-1 என்று வீழ்த்தி டியூராண்டு கோப்பையை வென்றது எஃப்.சி. கொச்சின். கேரளத்துக்கு வந்த முதல் டியூராண்டு அது. ஆனால் பணம் வற்றியது, சம்பளம் நின்றது, 2002-ல் கழகம் மூடப்பட்டது. ஆட்டக்காரர்கள் மறுபடி பெட்டியைத் தூக்கினார்கள்.

எண்ணெய் நிறுவனத்தின் நாற்காலியில் பளபளப்பு குறைவு, பாதுகாப்பு அதிகம். தொழில்முறைக் கழகத்தில் அது தலைகீழ். இரண்டையும் பார்த்தவர் சந்திரசேகரன். 2021 ஆகஸ்டு 24-ல் கொச்சியில் அவர் மறைந்தார். அதே மாதம் 5-ந் தேதி மும்பையை அடுத்த தானேயில், ரோமில் அவரோடு இருந்த நாராயணன் இறந்திருந்தார். ஒருவர் திரும்பி வந்தவர், ஒருவர் போன இடத்திலேயே தங்கியவர். மூன்று வாரங்களுக்குள் இருவரும் இல்லை.

மகாராஜா மைதானத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் கலூர். 1996-ல் கட்டிய ஜவாஹர்லால் நேரு அரங்கம் அங்கே. 2014-ல் தோன்றிய கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்காக அங்கே மஞ்சள் சட்டை அணிந்து திரண்ட கூட்டம் இந்தியாவையே வியக்க வைத்தது. இப்போது கொச்சி வெளியாட்களை வரவழைக்கும் ஊரும்தான். 2021-ல் உருகுவேயிலிருந்து வந்த அட்ரியன் லூனாவைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

அதே அணியில் வளர்ந்த சஹல் அப்துல் சமதின் பயணமோ பழைய பாதையைத் தொட்டது. கண்ணூர்க் குடும்பம், பிறந்தது வளைகுடாவின் அல் ஐனில், ஆடிப் பெயர் வாங்கியது கொச்சியில். 2023-ல் அவர் மோகன் பகானுக்குப் போனார். கல்கத்தாவுக்கு. கோட்டயம் சாலி போன அதே ஊர். அன்று போனவருக்கு வேறு வழி இல்லை. இன்று போகிறவருக்கு ஒப்பந்தமும் விலையும் உண்டு. போவது கட்டாயமாக இருந்த காலத்துக்கும் தெரிவாக இருக்கும் காலத்துக்கும் உள்ள தூரம் அது. அந்தத் தூரத்தைக் கடக்கக் கொச்சிக்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின.

மகாராஜா மைதானத்தில் மாலையில் பந்து உருளுகிறது. அங்கே ஆடும் பையன்களில் பெரும்பாலோருக்கு சந்திரசேகரனின் பெயர் 'ஒலிம்பியன்' என்ற பட்டத்தோடுதான் தெரியும், தெரிந்தால். சந்தோஷ் கோப்பையின் பட்டியலைப் புரட்டினால் 1963-64-க்கு நேராக மகாராஷ்டிரம் என்று இருக்கிறது. அது சரியான பதிவுதான். கோப்பை அந்த மாநிலத்துடையது. அதை வாங்கிய ஆள் மட்டும் கொச்சியின் கணக்கு.